எப்போதும் நிரம்பியிருந்த டாங்க்

1. பென்சில்

கடையில் சேர்ந்த முதல் நாள் முதலாளி அண்ணாச்சி என் பேனாவை வாங்கி இழுப்பறையில் போட்டுவிட்டு, சீவிய பென்சில் ஒன்றைக் கொடுத்தார். பெட்ரோல் பட்ட விரல் தாளின் மேல் பட்டால் பேனா எழுத்து கரைந்துவிடும், பென்சில் எழுத்து அப்படியே நிற்கும் என்றார். மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில், சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர், தண்ணீர் இறைக்கும் பம்ப், புல்வெட்டும் மெஷின் ஆகியவற்றை விற்றுப் பழுதும் பார்க்கும் கடை அது. காலையில் கல்லூரியில் எம்.ஏ. தமிழும் பிறகு எம்.ஃபிலும் படித்துக்கொண்டு, மதியத்துக்கு மேல் அந்தக் கடையின் மேசையில் மூன்று ஆண்டுகள் பதிவேடு எழுதினேன். முனைவர் பட்ட ஆய்வுக்காக இந்த மாதத்தோடு விலகுகிறேன். மேசைக்கு அடுத்து வருபவருக்காக நான் கற்றதை எழுதிவைக்கும்படி அண்ணாச்சி கேட்டதால் இந்தக் குறிப்பு.

கடையில் மெக்கானிக் ஒருவர்தான், டில்லி. முப்பது வயதிருக்கும். அடையாற்றங்கரையில் இருந்த குடும்பம். இப்போது பெரும்பாக்கத்துக் குடியிருப்பில் ஐந்தாவது மாடி. அங்கிருந்து நாள்தோறும் பைக்கில் வருவார். பழுது விவரம் எழுதும் ஜாப் கார்டில் நான் அவருடைய எழுத்துப் பிழையைத் திருத்திய முதல் வாரத்திலிருந்தே எனக்கு ‘டீச்சர்’ என்று பெயர் வைத்துவிட்டார். முதல் நாள் அவர் எனக்கு வைத்த தேர்வு இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள். இரண்டிலும் பெட்ரோல். கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. ஒன்று மூடியைத் திறந்ததும் மூக்கில் சுருக்கென்று ஏறியது. மற்றொன்றில், கதவுக்கு வார்னிஷ் அடித்த வீட்டின் மந்தமான, சற்றே புளித்த வாடை.

“இது பெட்ரோல். இது செத்துப்போன பெட்ரோல்,” என்றார் டில்லி. “பாக்க ரெண்டும் ஒண்ணாத்தான் கீது. மூக்கு மட்டுந்தான் பொய் சொல்லாது, டீச்சர்.”

பெட்ரோல் கெட்டுப்போகும் பொருள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மூடிவைத்தாலும் அதன் லேசான பகுதி மெல்ல ஆவியாகிறது. எஞ்சியது நாளாக ஆகப் பிசினாகிறது. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. கடலோரத்துச் சென்னையில் ஈரத்துக்குக் குறைவில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்பரேட்டரின் அடியில் பௌல் என்னும் சிறு கிண்ணம் உண்டு. அதிலிருந்து பெட்ரோலை மேலே எடுத்துச் செல்லும் ஜெட்டின் துளை ஊசிமுனையைவிடச் சிறியது. பிசின் அங்கே படிந்தால் எஞ்சின் கிளம்பாது. பைக்குகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. வாரந்தோறும் குடித்து வாரந்தோறும் நிரப்பிக்கொள்கின்றன. ஜெனரேட்டரும் பம்பும் அப்படியல்ல. அவை என்றோ ஒருநாள் வரப்போகும் தேவைக்காகக் காத்து நிற்பவை. காத்து நிற்கும் எஞ்சினுக்குள்தான் பெட்ரோல் பழையதாகிறது.

கடையின் சட்டங்கள் சில. பெட்ரோல் இரும்புக் கேனில்தான் இருக்க வேண்டும். குடிதண்ணீர் பாட்டிலில் கூடவே கூடாது. வெயிலும் அடுப்பும் அண்டாத இடத்தில் வைக்க வேண்டும். நிரப்பிய தேதியைச் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். மாதக் கடைசியில் கேனில் மிஞ்சியதை டில்லியின் பைக்கில் ஊற்றிவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும். “இந்தக் கடைக்கு என் வண்டிதான் மாடு. மிச்சம் மீதி அத்தினியும் அதுதான் துன்னுது,” என்பார்.

2. முதல் சனிக்கிழமை

மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்கள் கடைக்குத் தொலைபேசி நாள். எங்களிடம் மெஷின் வாங்கிய ஒவ்வொருவரையும் அன்று நான் அழைப்பேன். அவர்கள் எஞ்சினுக்குப் பக்கத்தில் போனை வைத்துவிட்டு, கயிற்றை இழுத்துக் கிளப்ப வேண்டும். எத்தனையாவது இழுப்பில் கிளம்பியது என்பதைப் பென்சிலால் குறித்துக்கொள்வேன். பத்து நிமிடம் ஓடவிடச் சொல்வேன். அண்ணாச்சி தொடங்கிய வழக்கம் இது. வாங்கிப்போன பொருள் வாடிக்கையாளர் வீட்டுப் பரண் பக்கத்தில் தூங்குவதை அவரால் பொறுக்க முடியாது.

பெரும்பாலோர் அலுத்துக்கொண்டார்கள். பாலவாக்கத்தில் புல்வெட்டும் மெஷின் வைத்திருந்த ஒருவர், என் குரலைக் கேட்டதுமே வீட்டில் இல்லை என்று தாமே சொல்வார். தி.நகர் ஜவுளிக் கடைக்காரர் தீபாவளி முடியட்டும், பொங்கல் முடியட்டும் என்று தள்ளுவார். வேளச்சேரி அடுக்ககத்தின் காவலாளி, பம்ப் இருக்கும் அறையின் சாவியை யாரோ எடுத்துப் போய்விட்டதாக ஓராண்டு முழுவதும் சொன்னார்.

இவர்கள் நடுவில் ஒருவர் மட்டும் என் அழைப்புக்கு முன்பே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மந்தைவெளிப் பக்கம் முதல் மாடி வீட்டில் இருந்த வரதன் மாமா. ஓய்வுபெற்றவர், எழுபதைத் தாண்டியவர். அவருடைய மனைவி ஜெயா மாமிக்கு நுரையீரல் சுருங்கும் நோய். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மின்சார இயந்திரம் ஒன்று கூடத்தில் பகலும் இரவும் ஓடும். அதன் குழாய் மாமியின் மூக்கில் இருக்கும். மின்சாரம் நின்றால் மாற்றாக ஒரு சிறிய சிலிண்டர் உண்டு. அது மூன்று மணி நேரம் வரும். அதற்குமேல் தேவைப்பட்டால் பின்பக்கத்துப் பால்கனியில் எங்கள் ஜெனரேட்டர். அந்தத் தெருவில் மின்வெட்டு அபூர்வம் என்றாலும், மாமி மருத்துவமனையிலிருந்து ஆக்ஸிஜனோடு வீட்டுக்கு வந்த அதே வாரத்தில் மாமா அதை வாங்கிவிட்டார்.

மாமா ஒவ்வொரு மாதமும் பத்து நிமிடம் ஓடவிடுவார். அந்தப் பத்து நிமிடத்தில் செலவான ஒரு தம்ளர் பெட்ரோலை உடனே ஊற்றி டாங்க்கை மறுபடி தளும்ப நிரப்புவார். நானும் அவருடைய பெயருக்கு நேரே ‘நிரப்பப்பட்டது’ என்று எழுதி அன்றைய தேதியைப் போடுவேன். அந்தப் பத்தியில் ஓர் இடம்கூடக் காலியாக இல்லாமல் இருப்பதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். மற்ற வாடிக்கையாளர்களிடம் நான் அவரைத்தான் உதாரணமாகச் சொல்வேன். அவரிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன். மாமா உள்ளே திரும்பி, “கேட்டியோடி, கடையிலே நான்தான் ஃபர்ஸ்ட் ராங்க்,” என்று மாமியிடம் சொன்னது போனில் கேட்டது.

3. தோள்வலி

முதல் சில மாதங்கள் மாமாவின் எஞ்சின் இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. பிறகு மூன்று. பிறகு நான்கு. ஆண்டு திரும்பியபின் ஐந்து, ஏழு, ஒருமுறை ஒன்பது.

ஒன்பது என்று எழுதிய மாதம் நான் காரணம் கேட்டேன். மாமா மூச்சு வாங்க, தமக்குக் கை தளர்ந்துவிட்டது, வலது தோளில் ஒரு மாதமாகவே குடைச்சல் என்றார். வயதானவரை இப்படி இழுக்க வைக்கிறோமே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. குறிப்புப் பகுதியில் ‘வாடிக்கையாளருக்குத் தோள்வலி’ என்று எழுதினேன். தைலத்தின் பெயர் ஒன்றும் சொன்னேன். இதை இப்போது எழுதும்போதும் கை கொஞ்சம் தயங்குகிறது.

4. மழை நாள்

அந்த ஐப்பசிக் கடைசியில் மூன்று நாட்கள் மழை விடவில்லை. அண்ணாச்சி ஒரு திருமணத்துக்காகத் தென்காசி போயிருந்தார். கடைச் சாவி என்னிடம் இருந்தது. நான் தங்கியிருந்த மகளிர் விடுதி கடைக்கு இரண்டு தெரு தள்ளி. மூன்றாம் நாள் காலை ஏழரை மணிக்கு மாமா அழைத்தார். டிரான்ஸ்பார்மரில் தண்ணீர் ஏறியதால் ஆறரை மணிக்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். மாமி சிலிண்டரில் இருக்கிறார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது, தெருமுனையில் தண்ணீர் வடிந்தால்தான் வண்டி வரும் என்கிறார்கள்.

“முப்பது தடவை இழுத்துட்டேன், கொழந்தே. கிளம்பலை.” மறுபடி கயிற்றை இழுக்கும் சத்தம் போனில் கேட்டது. “நேக்குத் தோள் வலிக்கலை. சத்தியமா நன்னாத்தான் இழுத்தேன்.”

உடனே போய்க் கடையைத் திறந்தேன். வாடகைக்குக் கொடுக்கும் ஜெனரேட்டர் எல்லாம் முந்தைய நாளே போய்விட்டிருந்தன. பெட்டி பிரிக்காத புதியது ஒன்று இருந்தது; ஆனால் அந்த எடையை முழங்கால் அளவு தண்ணீரில் தனியாகச் சுமப்பது என்னால் ஆகாது. ஆட்டோ எதுவும் ஓடவில்லை. டில்லியை அழைத்தேன். அவருடைய குடியிருப்பைச் சுற்றிலும் தண்ணீர், அவராலும் வெளியே வர முடியாது.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான்: டாங்க்கில் இருப்பது என்றைக்கு ஊற்றிய பெட்ரோல்? நான் சற்றும் யோசிக்காமல், இந்த மாதம் முதல் சனிக்கிழமை என்றேன். இருக்கவே முடியாது என்றார். நான் பதிவேட்டைப் பார்த்தே சொல்வதாகச் சொன்னேன்.

“புக்கு கெடக்கட்டும் டீச்சர். முப்பது இழுப்புக்குப் புதுப் பெட்ரோல் கிளம்பாம இருக்குமா? நீ போ. நீதான் செய்யணும். போன்ல சார்ஜ் கம்மியா கீது, ஒரே தபாதான் சொல்லுவேன். எழுதிக்கோ. அதான் உனக்கு நல்லா வருமே.”

அதுவரை நான் ஓர் எஞ்சினிலும் கை வைத்ததில்லை. ஜாப் கார்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். பெட்ரோல் குழாயின் டேப்பை மூடு. டாங்க்கின் பெட்ரோல் முழுவதையும் இறக்கு. ஒரு சொட்டும் மிச்சம் வைக்காதே. பௌலின் அடியிலிருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி அதையும் வடி. கடைக் கேனிலிருக்கும் புதியதை ஊற்றி டேப்பைத் திற. காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்துவிட்டுக் கயிற்றை இழு. சோக் போட்டால் ஓடி, எடுத்தால் நின்றுபோகிறது என்றால் ஜெட் அடைத்திருக்கிறது. பௌலைக் கழற்றி, ஜெட்டை எடுத்துத் துளையைச் சுத்தம் செய். ஊசியால் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும். வயருக்குள் இருக்கும் செம்புக் கம்பியில் ஒற்றை இழை போதும்.

ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், இரண்டு லிட்டர் கேன் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு கடையைப் பூட்டினேன். வழக்கமாகப் பத்து நிமிட நடை. அன்று முக்கால் மணி நேரமாயிற்று. கேனைத் தோள் உயரத்தில் பிடித்துக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தேன்.

மாமி கூடத்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அதுவரை நான் அவருடைய குரலை மட்டுமே அறிவேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே சிறிது நிறுத்தி, என் நனைந்த உடையைப் பார்த்துச் சொன்னார்:

“தெப்பம் தை மாசம்னு நெனச்சிண்டிருந்தேன். இந்த வருஷம் ஐப்பசியிலேயே வந்துடுத்து. நீயும் நீந்திண்டே வந்துட்டே.”

சிலிண்டர் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டுக்கு அருகில் இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் வரலாம் என்று மாமா தணிந்த குரலில் சொன்னார். வீட்டில் எரியும் விளக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஆக்ஸிஜன் வந்த நாளிலிருந்து சுவாமி அலமாரியிலும் பேட்டரி விளக்குதான் என்றார். பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இருவரும் வெளியே நின்றோம். மாமா குடையைப் பிடித்தார்.

டாங்க்கிலிருந்து இரும்பு வாளியில் இறங்கிய பெட்ரோல் கருப்பட்டிக் காப்பியின் நிறத்தில் இருந்தது. குனியவே வேண்டியிருக்கவில்லை, வார்னிஷ் வாடை முகத்தில் அடித்தது. கடையில் சேர்ந்த அன்று பாட்டிலில் முகர்ந்த அதே வாடை. பௌலை வடித்தபோது முதலில் வந்தது பெட்ரோல்கூட அல்ல, தண்ணீர். உருண்டை உருண்டையாகத் தனியே நின்றது. மாமா வாளியைப் பார்த்துக்கொண்டே, “போன சனிக்கிழமைதானே ஊத்தினேன்,” என்று இரண்டு முறை சொன்னார். நான் பௌலின் ஸ்க்ரூவை இறுக்கினேன்.

புதியதை ஊற்றி, டேப்பைத் திறந்து, சோக்கைப் போட்டுக் கயிற்றை இழுத்தேன். ஐந்தாவது இழுப்பில் எஞ்சின் இருமிக்கொண்டே ஓடியது. மாமா கதவைத் திறந்து உள்ளே சொல்லப் போனார். சோக்கை எடுத்தேன், நின்றுவிட்டது. மறுபடி இழுத்தேன், ஓடியது, சோக்கை எடுத்ததும் நின்றது. மாமா கதவருகிலேயே நின்றுவிட்டார்.

ஜாப் கார்டின் கடைசி வரியைப் பார்த்தேன். பௌலைத் தாங்கும் போல்ட்டைக் கழற்றும்போது விரல்கள் வழுக்கின. ஜெட் என்பது ஒரு சுண்டு விரல் நகத்தைவிடச் சிறிய பித்தளைத் துண்டு. வானத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். துளை தெரியவில்லை, துளை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஏதோ இருந்தது. செம்புக் கம்பி கேட்டேன். மாமா போய் இழுப்பறை இழுப்பறையாகத் தேடினார். உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது.

“ஏன்னா, அந்தச் செத்த சார்ஜர் வயர். டீவிக்குப் பின்னாடி. தூக்கிப் போடாதேங்கோன்னேனே.”

வயரை வெட்டி ஓர் இழையை உருவினேன். அது துளைக்குள் போய் வர எவ்வளவு நேரமாயிற்று என்று நினைவில்லை. மறுபடி வானத்துக்கு நேரே பிடித்தபோது ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். நான் கீழே போட்ட வாஷர் ஒன்றை மாமா தேடி எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது இழுப்பில் எஞ்சின் கிளம்பியது. சோக்கை எடுத்தேன். ஓடிக்கொண்டேயிருந்தது.

மாமா வயரைச் செருகியதும் உள்ளே ஆக்ஸிஜன் இயந்திரம் ஒரு நீண்ட ஒலி எழுப்பி, பிறகு தன் வழக்கமான மூச்சைத் தொடங்கியது. மாமா மாமியின் குழாயைச் சிலிண்டரிலிருந்து இயந்திரத்துக்கு மாற்றினார். முள் சிவப்புக்குள் போயிருந்தது. மாமா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமிதான் என்னைப் பார்த்து, முதலில் போய்த் தலையைத் துவட்டிக்கொள் என்று சைகை காட்டினார்.

மின்சாரம் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தது.

5. பதிவேடு

தண்ணீர் வடிந்து டில்லி கடைக்கு வர இரண்டு நாளாயிற்று. வாளியில் இருந்ததில் கொஞ்சம் பாட்டிலில் எடுத்து வைத்திருந்தேன். அவர் மூடியைத் திறந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இது போன வருசத்துச் சரக்கு டீச்சர். உன் புக்கு இன்னா சொல்லுது?”

பதிவேட்டை அவர் முன்னால் விரித்தேன். பதினெட்டு மாதங்கள், ஒவ்வொன்றிலும் ‘நிரப்பப்பட்டது’. டில்லி படிக்கவில்லை, என்னைக் கணக்குப் போடச் சொன்னார். டாங்க்கின் கொள்ளளவு மூன்று லிட்டர். மாதம் ஒரு தம்ளர் செலவாகிறது, ஒரு தம்ளர் சேர்கிறது. செலவாகும் தம்ளரும் பழையதும் புதியதும் கலந்ததுதான். அப்படியானால் பதினெட்டு மாதம் கழித்தும் டாங்க்கில் பாதிக்கு மேல் முதல் நாள் ஊற்றிய பெட்ரோல். நான் எழுதிய ஒவ்வொரு தேதியும் அந்தக் கடைசித் தம்ளரின் தேதி. டாங்க்கின் தேதி அல்ல.

ஓர் ஓலை ஏட்டைக் கடைசியாகப் படியெடுத்தவரின் காலத்தை நூலின் காலமாகக் கொள்ளக் கூடாது என்பதை எங்கள் வகுப்பில் முதல் பருவத்திலேயே சொல்லித் தருவார்கள். அந்தத் தேர்வில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். காலையில் அதைப் படித்துவிட்டு மாலையில் இங்கே வந்து நேர் எதிராக எழுதியிருக்கிறேன். அதைவிட என்னை உறுத்தியது பக்கத்திலிருந்த எண் வரிசை. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது. எஞ்சின் பதினெட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது. நான் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டேன், படிக்கவில்லை. படித்த ஒரே இடத்தில் மாமாவின் தோள்மீது பழியைப் போட்டேன்.

அழைப்பைத் தட்டிக் கழித்த தி.நகர்க் கடைக்காரரின் எஞ்சின் அந்த மழையில் மூன்றாவது இழுப்பில் கிளம்பியிருந்தது. ஒவ்வொரு மின்வெட்டிலும் டாங்க் வறண்டுபோகும்வரை ஓட்டிவிட்டுத்தான் அவர் ஆளைப் பெட்ரோல் பங்க்குக்கு அனுப்புவார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முதல் ராங்க் வாங்கியவரின் எஞ்சின்தான் நின்றது, அதுவும் அவர் ஒரு மாதம்கூடத் தவறாமல் செய்த காரியத்தால்.

அண்ணாச்சி தென்காசியிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதிவேட்டை நெடுநேரம் புரட்டினார். கோபப்படவில்லை. மாமாவுக்கு இனி பெட்ரோலைக் கடையிலிருந்தே கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். நடந்ததை மாமாவிடம் அவரே விளக்கிவிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

“நான் சொன்னா கடைக்காரன் சமாதானம் சொல்லுத மாதிரி இருக்கும்மா,” என்றார். “பதினெட்டு மாசம் நீதான் அவருகிட்டப் பேசியிருக்க. நீயே போயிச் சொல்லிட்டு வா.”

6. காலியாகும் வரை

அதே வாரம் போனேன். பதிவேட்டையும் எடுத்துச் சென்றேன். எண் வரிசையைக் காட்டி, உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை, ஊற்றி ஊற்றி நிரப்பியதுதான் காரணம், அது சரியென்று புகழ்ந்தது நான் என்று ஒழுங்காகச் சொல்லி முடித்தேன். வரும் வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படியானால் தாம் பாதுகாக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு தாமே கெடுத்திருக்கிறோமா என்று கேட்டார். நான் மறுபடி என் தவறு என்று தொடங்கினேன். மாமி கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கன்னத்துல போட்டுக்காதேங்கோ. நான் இங்கே உக்காந்து மூச்சு விட்டுண்டுதானே இருக்கேன்? அடுத்தாப்பல என்ன பண்ணணுமோ அதைச் சொல்லு.”

செய்ய வேண்டியதைச் சொன்னேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பகலில், மின்சாரம் இருக்கும்போது, டாங்க் முழுவதும் காலியாகித் தானே நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட வேண்டும். அப்படி நின்றால்தான் பௌலிலும் ஒரு சொட்டு மிஞ்சாது. பிறகு புதிய பெட்ரோல். அதற்கான கேனுடன் நானும் டில்லியும் வந்து பக்கத்தில் நிற்போம்.

மாமா இதற்கு உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “எல்லாம் புரியறது. ஆனா டாங்க் காலியா இருக்குன்னா நான் எப்படிக் கண்ணை மூடறது, கொழந்தே? இத்தனை நாள் அது தளும்ப இருக்குன்னுதான் தூங்கினேன்.”

பெட்ரோலைப் பற்றி நான் எழுதிவைத்த எந்தக் குறிப்பிலும் இது இல்லை. மேசைக்கு வரப்போகும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் இதுதான். கேனின் சீட்டில் உள்ளே இருப்பவற்றுள் மிகப் பழையதன் தேதியை எழுதுங்கள். முதல் சனிக்கிழமை அழைக்கும்போது, என்றைக்கு நிரப்பினீர்கள் என்று கேட்காதீர்கள். கடைசியாக என்றைக்குக் காலியாயிற்று என்று கேளுங்கள். இழுப்பின் எண்ணிக்கை ஒன்று கூடினால் அந்த மனிதரின் கையைச் சந்தேகிக்கும் முன் எஞ்சினைப் பாருங்கள். ஆனால் காலியாக்குங்கள் என்று சொல்வது நமக்கு எளிது. எதை நம்பி அவர்கள் அதை நிரப்பி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு சொல்லுங்கள். முடிந்தால் நேரில் போய் நில்லுங்கள்.

முதல்முறை காலியாக்கிய நாள் தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. வெயில் நன்றாக இருந்தது. டில்லி பால்கனியில் எஞ்சினைக் கிளப்பிவிட்டு, அதன் மின்சாரத்தில் இரண்டு மின்விசிறிகளையும் மாமியின் மிக்ஸியையும் ஓடவிட்டார். ஆக்ஸிஜன் இயந்திரம் வீட்டு மின்சாரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. மாமா புதிய கேனை மடியில் வைத்துக்கொண்டு பால்கனி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரத்துக்குமேல் அந்த இடத்தைவிட்டு அவர் எழுந்திருக்கவில்லை. டாங்க்கின் அடி தெரியத் தொடங்கியதும் டில்லியைக் கெஞ்சினார்.

“கால் லிட்டர் இருக்கறச்சே நிறுத்திட்டு ஊத்திடலாமே, அப்பா?”

“வேணாம் மாமா. அந்தக் கால் லிட்டர்தான் அன்னிக்கு உன்னை ஆட்டிவெச்சுது. வுடு, அதுவா நிக்கட்டும்.”

எஞ்சினின் ஒலி ஒருமுறை உயர்ந்தது, தடுமாறியது, பிறகு நின்றது. மின்விசிறிகள் மெல்ல ஓய்ந்தன. தெருவில் பூ விற்றுக்கொண்டு போகும் குரல் திடீரென்று கேட்டது. மாமாவின் கை கேனின் மூடிக்குப் போனது.

“நின்னுடுத்தா?” என்று மாமி கூடத்திலிருந்து கேட்டார்.

“நின்னுடுத்து.”

“இங்கே வந்து ஒரு நிமிஷம் உக்காருங்கோ. நான் நன்னாத்தான் இருக்கேன், பாருங்கோ.”

மாமா கேனைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனார். எஞ்சின் சூடு ஆறும்வரை ஊற்றக் கூடாது என்பதால் டில்லியும் நானும் பால்கனியிலேயே நின்றோம். கால் மணி நேரம் கழித்து டில்லி கேனை எடுக்கக் குனிந்தார். தாமே ஊற்றுவதாக மாமா உள்ளிருந்து குரல் கொடுத்தார். ஆனாலும் அவர் எழுந்து வர இன்னும் சிறிது நேரமாயிற்று.